ஜெராக்ஸ்காரர் வரைந்த பூனை

ஜெராக்ஸ்காரருக்குக் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். கடை மெஷின் படுத்துவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கி, புது பாகம் வர நாளாகும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடைப் பூனைக்கு அந்தக் கவலை இல்லை. சூடு இல்லாவிட்டாலும் வழக்கம்போல மெஷின் மூடிமேல் ஏறிச் சுருண்டுகொண்டது.

பொழுது போகவேண்டுமே. விற்காமல் கிடந்த கலர் பென்சில் பெட்டி ஒன்றைப் பிரித்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு அட்டையை வெட்டினார். சுவர்க் காலண்டரில் நாட்டுப்புறச் சித்திரமாக ஒரு யானை நின்றது. உடம்பெல்லாம் பூவும் இலையும். அதே பாணியில் பூனையை வரைந்துவிடத் துணிந்தார். வாழ்நாளெல்லாம் உள்ளதை உள்ளபடி நகலெடுத்தவருக்கு இது என்ன பிரமாதம்?

பூனை அசையாமல் தூங்கியது. பென்சில்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கால் கோணியது, ஒரு பூவைப் போட்டு மறைத்தார். முதுகு பிசகியது, இலைக்கொடி ஓடவிட்டார். வயிற்றில் சிவப்பு அழுந்திவிட்டது. ரப்பரால் தேய்க்கத் தேய்க்க இன்னும் ஈஷிக்கொண்டது. அங்கே பெரிதாக ஒரு செம்பூ மலர்ந்தது. முகத்துக்கு நீல மீசை இழுத்து, போனால் போகிறதென்று புருவமும் தீட்டினார்.

பக்கத்துக் கடை டெய்லர் பெண் எட்டிப் பார்த்தாள்.

“புலியாண்ணே?”

“பூனைம்மா. அதோ படுத்திருக்கே, அதுதான்.”

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “அது இவ்வளவு கோவமா இருக்காதே.”

மறுநாள் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன்; சிரித்து யாரும் பார்த்ததில்லை. அட்டையை எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை.

“மாப்ள, இது எங்க அப்பாவாச்சே.”

ஜெராக்ஸ்காரர் மெஷின்மேல் தூங்கிய பூனையைக் காட்டினார். “சத்தியமா பூனை மச்சான்.”

“சும்மா சொல்லாதீங்க. சாப்பாட்டுல உப்பு கம்மின்னா இப்படித்தான் பாப்பாரு.” அவர் அட்டையை முகத்தருகே கொண்டுபோனார். “அவரு போட்டோ எதுலயும் இந்தப் பார்வை வரல மாப்ள.”

கையோடு எடுத்துப்போய், சட்டம் போட்டுத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார். வந்தவர்கள் யாரும் வாலைப் பற்றிக் கேட்கவில்லை. காலஞ்சென்றவரிடம் வேலை பார்த்த ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றாராம்.

விஷயம் மனைவியின் காதுக்கு எட்டியது. ஜெராக்ஸ்காரர் வீட்டுக்குள் பூனைபோலத்தான் நுழைந்தார்.

“அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன்,” என்றாள் அவள்.

“நான் பூனையைத்தான்...”

“அச்சு அசல் அப்பாதான்.” சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வந்தன அவளுக்கு. “எனக்கும் ஒண்ணு வேணும். பக்கத்துல அம்மாவையும் சேத்து வரைங்க.”

மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மாமியார் அடுத்த அறையில்தான் இருக்கிறார். எந்த மிருகம் என்று வாயைத் திறந்து எப்படிக் கேட்பது?

அதற்குள் உள்ளேயிருந்தே குரல் வந்தது. “மயிலுன்னா எனக்கு ஆட்சேபணை இல்ல.”

மெஷின் சரியான பிறகும் மதிய வேளைகளில் உட்கார்ந்து வரைந்து முடித்தார். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. மூக்கு மட்டும் கொஞ்சம் நீளம்,” என்றார்.

மயிலைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா என்று ஜெராக்ஸ்காரர் கேட்கவில்லை.