காதோரம் வந்த கட்டம்

அவளுக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். வீடியோ அழைப்புப் படங்களைச் சுருக்கி அனுப்பும் புதுப்புது முறைகளைச் சோதிக்கும் அலுவலகம். சாம்பல் சுவர் அறையில் உட்கார்ந்து, அசல் படத்தையும் சுருக்கிய படத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவாள். கன்னத்தில் கட்டம் கட்டமாகத் தெரிகிறதா, வாய் ஒரு பக்கம் இழுபடுகிறதா? ஒன்பது வருஷத்தில் ஐந்து போட்டதாகச் சரித்திரமே இல்லை. புருஷன் காபி கலந்து கொடுத்தால்கூட, "இதுல என்ன போட்டீங்க?" என்று கேட்கிற ஜென்மம். அண்ணன் வைத்த பெயர் சந்தேகப் பிராணி.

இப்போது எட்டு மாதம். பயணமே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவோ தொலைவில், அண்ணன் வீட்டில். ஞாயிறு காலை அழைப்பில் பார்த்தால்தான் உண்டு. மூன்று வாரமாக அவர் சிரிக்கிறார், தலையாட்டுகிறார், வாயைத் திறப்பதில்லை. தொண்டை கட்டியிருக்கிறதாம். மூன்று வாரமாகவா ஒரு தொண்டை கட்டும்?

அன்று அப்பா இடப்பக்கம் திரும்பியபோது காதோரம் ஒரு கட்டம் தெறித்தது. போன வாரமும் அதே திருப்பம், அதே காது, அதே கட்டம். நெட் சொதப்பினால் படம் எங்கே வேண்டுமானாலும் உடையும். வாராவாரம் ஒரே இடத்திலா உடையும்? இது என்றைக்கோ எடுத்த வீடியோ.

"அப்பாவ மூக்கத் தொடச் சொல்லுண்ணா."

"நெட்டு சரியில்லம்மா. அப்புறம் கூப்பிடறேன்."

"நீ போன வச்சேன்னா இப்பவே கிளம்பி வந்துருவேன். அப்பா இருக்காரா, இல்லையா?"

அண்ணன் அந்த வீடியோவை நிறுத்தினான்.

"இருக்காரும்மா. சத்தியமா இருக்காரு. பழைய வீடியோவத்தான் ஓட்டினேன். உனக்குப் பிரசவம் ஆகட்டும்னு..."

"காட்டு."

போன் உள்ளறைக்குப் போனது. அங்கே சிக்னல் குறைவு. படம் சுக்குநூறாக உடைந்தது. கட்டில், சட்டை, பிறகு அப்பாவின் முகம். வாய் வலப்பக்கம் இழுபட்டிருந்தது. இரண்டு மதிப்பெண்கூடத் தேறாத படம் என்று நினைத்தாள். சரியாகிவிடும் என்று பொறுத்திருந்தாள்.

அண்ணன் ஜன்னலைத் திறந்து போனை அந்தப் பக்கம் நகர்த்தினான். தலையணையின் கோடுகள் தெளிந்தன. நரைத்த தாடி தெளிந்தது. அவளையே பார்க்கும் கண்கள் தெளிந்தன. வாய் மட்டும் நேராகவில்லை.