ஐந்து மில்லிமீட்டர்

அப்பா நாற்பத்தொரு வருடம் அடுத்தவர் கார்களுக்கு சீட் தைத்தார். தோலோ ரெக்சினோ, எதைக் கொடுத்தாலும் ஊசி போன இடம் தெரியாமல் முடித்துக் கொடுப்பார். வாயால் குத்தினால் மட்டும் இடம் தெரியும்.

"தேறாது" என்பது அவருடைய சொல். மகள் ஐந்தாம் வகுப்பில் வரைந்த படகைப் பார்த்து அப்படிச் சொன்னார். முதல் சம்பளத்தில் அவள் வாங்கி வந்த சட்டையை உள்புறம் திருப்பி, தையலை நகத்தால் நெருடிப் பார்த்து, அதையேதான் சொன்னார். அவள் கட்டிக்கொள்ளப் போகிறவனை வாசலில் நிற்க வைத்தே சொன்னார். மூன்றாம் வருடம் அவன் விட்டுப் போனான். செய்தி வந்த அன்று அப்பா இரண்டாம் முறை சாப்பாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவள் ஒரு வார்ப்பட ஆலையில் தரச் சோதனை செய்தாள். பம்பு உடல்களை அளந்து, அளவு தவறியதற்குச் சிவப்பு மை வைப்பது வேலை. மை வைக்கும்போது அவள் கை தயங்காது என்று ஆலையில் பெயர்.

சீட் தைக்கப் பட்டறைக்கு வந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார், உரிமையாளர் செத்துப்போனதால் அங்கேயே நின்றுவிட்டது. இரண்டே சீட், மடக்கும் கூரை. அந்த உரிமையாளரின் பிள்ளைகள் அதை அப்பாவுக்கே எழுதிக் கொடுத்தார்கள். ஏழு வருடத்தில் எஞ்சினை ஓட வைத்தார், சீட்டை மும்முறை பிரித்துத் தைத்தார். மிச்சம் இருந்தது சக்கரம்தான். பழைய மக்னீசியச் சக்கரங்கள் வெள்ளையாகப் பூத்து, இரண்டில் விரிசல் ஓடியிருந்தது. அசல் கம்பெனிச் சக்கரம் வாங்குவதென்றால் காரையே விற்க வேண்டும். எனவே வெளிக் கம்பெனிகள் செய்கிற மலிவான அலாய் சக்கரங்களில் ஒரு செட் தேடினார்.

அவசரத்துக்குக் காரணம் அவருடைய இடது கால். சர்க்கரைப் புண்ணில் இரண்டு விரல் கறுத்துவிட்டது. ஆறு வாரம் மருந்து கொடுத்துப் பார்க்கலாம், கேட்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். கிளட்ச் மிதிக்கிற கால் அது.

"பாலம் வரைக்கும் ஒரே ஒரு தடவை ஓட்டிட்டு வந்துடறேன். அப்புறம் எங்க வேணா வெட்டிக்கட்டும்."

"வண்டிக்கு நாலு கால் தேடறாரு. தனக்கு ஒண்ணு போறது கண்ணுக்குத் தெரியல" என்றாள் அம்மா.

"உனக்கென்ன, ரெண்டு காலும் இருக்கு. மூணாவதா வாய் வேற."

முதல் செட்டைத் தையல் டேப்பால் அளந்துவிட்டு, பொருந்தும் என்று சத்தியம் செய்தார். மகள் வெர்னியர் அளவுகோலை எடுத்து எதிரெதிர் போல்ட் துளைகளை அளந்தாள். மையத்துக்கு மையம் நூறு மில்லிமீட்டர். காருக்கு வேண்டியது தொண்ணூற்றெட்டு.

"உங்க டேப் இழுபட்டு நீண்டுபோச்சுப்பா. வயசாயிடுச்சு அதுக்கு."

"அதுக்கு மட்டுமா?" என்று காலைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டாவது செட்டில் துளைகள் சரி. ஆனால் சக்கரம் வெளியே தள்ளி உட்கார்ந்தது. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. அதையும் அவள் திருப்பி அனுப்பினாள். இரண்டுமே நியாயமான தீர்ப்பு.

மூன்றாவது, ஊருக்கு வெளியே ஒரு கடையில் இருப்பதாகத் தகவல். இருவரும் ஆட்டோவில் போனார்கள். வழியில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கடந்தபோது அப்பா சிரித்தார்.

"அவன் தேறமாட்டான்னு அன்னைக்கே சொன்னேன்."

"விடுங்கப்பா."

"அவனை மட்டுமா சொன்னேன்? ஜோடியாத்தான் சொன்னேன். உனக்குத்தான் பாதி காதுல விழல."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அப்பாவால் நடக்க முடியவில்லை, ஆட்டோவிலேயே இருந்தார். அவள் மட்டும் உள்ளே போய் அளந்தாள். துளைகள் சரி. உள்தள்ளல் சரி. விலையும் கைக்கு அடக்கம். நடுத்துளை மட்டும், அது உட்கார வேண்டிய காரின் ஹப்பைவிட ஐந்து மில்லிமீட்டர் பெரிது.

"எல்லா வண்டிக்கும் ஆகட்டும்னு நடுவுல பெருசா விட்டிருப்பான் தங்கச்சி" என்றார் கடைக்காரர். "ஒரு அலுமினிய வளையம் போட்டா கச்சிதமா உக்காரும். என்கிட்ட அந்த சைஸ் தீர்ந்துபோச்சு. எந்த லேத்துலயும் கடைஞ்சு குடுப்பாங்க."

அது அவளுக்குத் தெரியும். அவள் ஆலையிலேயே ஆறு லேத் இருந்தது.

வெளியே வந்தாள். அப்பா ஆட்டோவிலிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார், ரிசல்ட் பார்க்க வந்த பிள்ளை மாதிரி.

"என்னாச்சும்மா?"

"தேறாது."

"எவ்வளவு வித்தியாசம்?"

"அஞ்சு மில்லி. வேகம் எடுத்தா ஆட்டம் குடுக்கும்."

அவர் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஒரு மௌனம் அவரிடம் அவள் வாங்கியதே இல்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இன்னும் ஒரு வாரம் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தாள். டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் மூன்று வாரம் இருந்தது.

ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. கருமை ஒரே இரவில் கணுக்கால் தாண்டியது. மறுநாள் காலையே முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

அவள் அந்தச் சக்கரங்களை வாங்கி வந்து பட்டறையில் இறக்கினாள். மதிய இடைவேளையில் ஆலை லேத்தில் நான்கு வளையங்கள் கடைந்தாள். ஒன்றுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள்.

அப்பா அதை வாங்கி விளிம்பில் நகத்தை ஓட்டினார். பிசிறு தட்டவில்லை. கையில் மாட்டிப் பார்த்தார். மணிக்கட்டு அவ்வளவு மெலிந்திருந்தது, வளையல் போல வழுக்கி இறங்கியது.

"இதைப் போட்டா அந்த அஞ்சு மில்லி சரியாயிடுமா?"

"சரியாயிடும்."

"அன்னைக்கே தெரியுமா உனக்கு?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அம்மா அந்தப் பக்கம் நின்று, இல்லைன்னு சொல்லேன் என்பதுபோல் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள்.

அப்பா சிரித்தார். தையல் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திப் பல்லைக் கடித்தார்.

"அப்ப நீ என் பொண்ணுதான். சந்தேகமே இல்ல."

வளையத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் ஒன்பது நாள் இருந்தார். அம்மாவிடம் பேசினார், நர்ஸைக் கேலி செய்தார். மகள் வந்தால் கண்ணை மூடிக்கொண்டார்.

எல்லாம் முடிந்த அடுத்த வாரம் அவள் பட்டறையைத் திறந்தாள். நான்கு வளையங்களையும் ஹப்பில் ஏற்றினாள், சக்கரங்களை மாட்டினாள், போல்ட்டுகளை எதிரெதிராக முறுக்கினாள். அப்பா தைத்த சீட்டில் உட்கார்ந்து இடது காலால் கிளட்சை மிதித்தாள். பாலம் வரை போனாள். எண்பது வரை ஏற்றிப் பார்த்தாள்.

ஸ்டியரிங் துளிகூட நடுங்கவில்லை.