வீடு அவட தானே, டீச்சர்

என் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும் வேலை கல்முனையில் ஒரு சின்ன அச்சகத்தில் நடந்துகொண்டிருந்தது. அங்கே கணினியில் தட்டச்சுச் செய்கிற பெண் ஒருநாள் மத்தியான லுஹர் பாங்குக்குச் சற்று முன்னால் எனக்குப் போன் எடுத்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய், அதிகம் பேசாதவள். பழைய பத்திரிகை நறுக்கு ஒன்றைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தாளாம். இடையில் ஒரு சந்தேகம்.

"டீச்சர், இந்தக் கதையில புரிசன் வேறொருத்தியோட பழகிறான் எண்டு தெரிஞ்ச உடன, பொஞ்சாதி 'என்னை வீட்ட விட்டு வெரட்டிருவானே, புள்ளையளோட எங்க போவன்' எண்டு அழுறா. வீடு அவட தானே, டீச்சர்?"

நான் பிறகு கதைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். காது சுட்டது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வந்து குடியிருப்பார். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் இருக்கும். மாப்பிள்ளை வரும்போது ஒரு பெட்டி கொண்டுவருவார், அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையில் இடமும் வலமும் அக்கா தங்கைகள், சாச்சிமார், பெரியம்மாமார். ஆண்கள் எல்லாம் வந்து சேர்ந்தவர்கள். இந்த ஒழுங்கையில் பிறந்து, இங்கேயே கலியாணம் முடித்து, முப்பது வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பித்த நான், என் கதையில் ஒரு பெண்ணை அவளுடைய சொந்த வீட்டு வாசலில் நிற்க வைத்து, 'எங்கே போவேன்' என்று அழ வைத்திருக்கிறேன். நல்ல எழுத்தாளர்தான் நான்!

எப்படி வந்தது அந்தப் பிழை என்று யோசித்துப் பார்த்தேன். நான் என் ஒழுங்கையைப் பார்த்து எழுதவில்லை. படித்த கதைகளையும் பார்த்த நாடகங்களையும் பார்த்து எழுதினேன். அவற்றில் வீடு கணவனுடையது. மனைவி மூலையில் நின்று அழுவாள். இன்னொருத்தி வந்து குடியைக் கெடுப்பாள். கடைசியில் கன்னத்தில் அறை வாங்குவதும் அந்த இன்னொருத்திதான். கணவன் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக நிற்பான், பிறகு சோறு தின்னக் கூப்பிடுவார்கள். நான் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஒழுங்கைக்குள் இறக்கிவிட்டேன்.

அது என் ராத்தாவின், என் அக்காவின், கதை. பதினாறு வருடம் ஆகிறது.

உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து ராத்தாவுக்கும் எனக்கும் வீடு கட்டித் தந்தார். நடுவில் ஒரு மதில், மதிலில் ஆள் போய்வர ஒரு சின்னக் கேற். ராத்தாவின் கணவரை, என் மச்சானை, எல்லோருக்கும் பிடிக்கும். சவளக்கடை என்ற ஊரில் அவருக்கு வயல். விடியச் சுபஹ் தொழுதுவிட்டு மோட்டார் சைக்கிளில் போவார், பின்னேரம் அஸருக்கு வருவார். வீட்டில் எந்த வேலை சொன்னாலும் மறுக்க மாட்டார். பெருநாளுக்குப் பிள்ளைகளுக்கு எடுத்த துணிகளை ஒழுங்கைக் கடைசியில் இருந்த தையல்காரப் பெண்ணிடம் கொண்டுபோய்க் கொடுக்கவும், தைத்து முடிய வாங்கி வரவும் ராத்தாதான் அவரை அனுப்புவார். அந்தப் பெண் கணவனிடம் விடுதலை வாங்கியவள். ஆறு வயதில் ஒரு மகள். தாய் கொடுத்த வீட்டில் முன்னறையில் மெசினைப் போட்டுத் தைத்துப் பிழைத்தாள்.

பெருநாள் முடிந்தும் மச்சான் அங்கே போனார். வருடம் முழுக்கப் போனார்.

விஷயம் வெளியே வந்த அன்று ஒழுங்கையே ராத்தாவின் கூடத்தில் நிறைந்துவிட்டது. எல்லாருடைய வாயிலும் அந்தப் பெண்தான். வெட்கம் கெட்டவள், வசிய மருந்து போட்டுவிட்டாள், குடும்பம் கெடுப்பதற்கென்றே கடை விரித்தவள். மச்சான் பின்பக்கத்தில் கதிரையில் இருந்தார். அவருக்கு யாரோ குடிக்கப் பிளேன்ரீ கூடக் கொடுத்தார்கள். நான் எல்லாரையும்விட அதிகமாக ஏசினேன். எனக்கு வாய் கொஞ்சம் பொல்லாதது. அந்த மாதமே கதையையும் எழுதி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு அனுப்பினேன், போட்டார்கள்.

இப்போது நறுக்கை எடுத்து வாசித்தால் கூசுகிறது. கதையில் அவளுக்குக் கண் நிறையச் சுர்மா போட்டிருக்கிறேன், அத்தர் பூசியிருக்கிறேன், ஒரு சிரிப்பு வேறு. நேரில் அவளுக்கு எப்போதும் தலையிடி. நெற்றியில் தைலம் மணக்கும். மெசினுக்கு மேலே குனிந்து குனிந்து முதுகு வளைந்த ஒரு பெண். ஆனால் ஒழுங்கைக் கடைசி வீடு, தையல் மெசின், சின்ன மகள் எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதிவிட்டேன். ஆள் யாரென்று ஊருக்குத் தெரிய வேறென்ன வேண்டும்? மச்சானுக்கு நான் கொடுத்த ஒரே குறை இளகிய மனசு. கதை முழுக்க அவர் ஒன்றுமே செய்யவில்லை, எல்லாம் அவருக்கு நடக்கிறது. கதையில் அவர் 'அவர்', அவள் 'அவள்'. இதை எழுதும்போதும் என் கை அப்படித்தான் போகிறது.

பெண்கள் அந்தக் கதையைப் போட்டோப் பிரதி எடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். துணி கொண்டுபோவது நின்றது. அடுத்த பெருநாளுக்கு அந்த முன்னறையில் ஒரு துண்டுத் துணி இல்லை. ஓதப் போன இடத்தில் மகளிடம் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள், பிள்ளை அழுதுகொண்டு வந்தது. பிறகு ஒருநாள் அந்தப் பெண் மெசினை வாகனத்தில் ஏற்றி, தன் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, அக்கரைப்பற்றில் வாடகைக்குப் போய்விட்டாள். எனக்கு அன்று பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், பெருமையாகத்தான் இருந்தது.

தட்டச்சுக்காரப் பெண் போன் எடுத்த இரண்டு நாள் கழித்து ராத்தா நடுக் கேற்றால் வந்தார். தையல்காரியின் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறதாம். பெண்ணுக்குக் கொடுக்க அந்தப் பூட்டிக் கிடக்கிற வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை. தாயும் மகளும் வந்து கூட்டித் துடைத்துவிட்டுப் போனார்களாம். மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் ஊர்தான். என் புத்தகம் வரப்போகிறது, அதில் அந்தப் பழைய கதையும் இருக்கிறது என்று யாரோ அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் காவினை, கலியாண எழுத்தை, தள்ளிப்போட்டுவிட்டார்கள். புத்தகம் வரட்டும், பார்ப்போம் என்று சொன்னார்களாம். இதைச் சொல்லும்போது ராத்தாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

அந்தப் பிள்ளைக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வயதில் ஒருதரம் அழ வைத்தேன், இப்போது இருபத்திரண்டு வயதில் மறுபடியும். மறுநாளே பஸ் ஏறி அக்கரைப்பற்றுக்குப் போனேன்.

தையல்காரி மெசினில்தான் இருந்தாள். அபாயா ஒன்றுக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு இருக்கச் சொன்னாள். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தது, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டது. மன்னிப்புக் கேட்க நினைத்துப் போன நான், கதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுவே பெரிய தர்மம் செய்கிற மாதிரி சொன்னேன்.

அவள் வேண்டாம் என்றாள். "எடுத்தா, இன்னும் என்னவோ இரிக்கி, மறைக்கிறாங்க எண்டுதான் கதைப்பாங்க."

பிறகு மெதுவாக, நூலை அறுத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். ராத்தாவுக்குச் சம்மதம் என்று மச்சான் சொன்னாராம். பள்ளிவாசலில் கதைத்து முறைப்படி காவின் எழுதுவேன் என்று சொன்னாராம். ஒரு வருடம் சொல்லிக்கொண்டே இருந்தாராம். தான் நம்பினது பாதி, நம்ப ஆசைப்பட்டது பாதி என்றாள். ராத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஒழுங்கையில் இருபது கவடு நடந்தால் போதும், கேட்கவில்லை, கேட்டால் இல்லையென்று தெரிந்துவிடுமே என்று பயம். எல்லாம் வெளியே வந்த பிறகு மச்சான் அந்தப் பக்கமே வரவில்லை. மிச்சம் கிடந்த ராத்தாவின் துணிகளைத் தைத்து முடித்து அவளே கொண்டுவந்து எங்கள் வாசல் கேற்றில் தொங்கவிட்டுப் போயிருக்கிறாள். அதை நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"நான் செஞ்சது பிழைதான், டீச்சர். இல்லையெண்டு சொல்லல்ல. ஆனா நான் தனியச் செய்யல்ல. அவரையும் கதைக்குள்ள போடுங்க."

பஸ்ஸில் வரும் வழி முழுக்க அந்த வார்த்தைதான். ஊரில் வீடு எல்லாம் பெண்களுடையது என்று பெருமை பேசுகிறோம். கடைசியில் சொந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போனது வீடு வைத்திருந்தவள். ஒரு பெட்டியோடு வந்தவர் இருந்த இடத்தில் இருக்கிறார். இதை எழுதத் தெரியாமல் போய்விட்டதே எனக்கு என்று இருந்தது.

தெரியாமல் போகவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். பதினாறு வருடத்துக்கு முன்னால், கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்த அந்த நாளில், நான் ஒன்றைப் பார்த்தேன். ராத்தா அறைக்குள் போய் அலுமாரிக்கு மேலே இருந்த மச்சானின் பெட்டியை இறக்கினார். கலியாணத்துக்கு வரும்போது அவர் கொண்டுவந்த அதே பெட்டி. தூசைத் தான் உடுத்திருந்த சோமன் தலைப்பால் துடைத்தார். கதவுவரை தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே உம்மா நின்றார். கையை நீட்டித் தடுத்தார். ராத்தா திரும்பிப்போய்ப் பெட்டியை மேலே வைத்தார். அதன்பிறகுதான் கூடத்துக்கு வந்து அந்தப் பெண்ணை ஏசத் தொடங்கினார். நான் இத்தனையையும் கண்ணால் பார்த்துவிட்டு, கதையில் சுர்மாவையும் அத்தரையும் எழுதினேன்.

ஒரு கிழமையில், ஏழே நாளில், திரும்ப எழுதினேன். பொய் சொன்னவரையும் எழுதினேன், நம்பினவளையும் எழுதினேன், பெட்டியையும் எழுதினேன். அச்சகத்துக்குக் கொடுக்க முன்னால் ராத்தாவிடம் கொண்டுபோனேன். மச்சான் உள்ளறையில் படுத்திருந்தார். ராத்தா குசினியில் நின்றபடியே வாசித்தார். கடைசித் தாளை முடித்துவிட்டு, பெட்டி வருகிற தாளைத் திரும்ப எடுத்தார்.

"இத நீ கண்டநீயா?"

ஓம் என்றேன்.

"அவள ஏசி ஏசித்தான் நான் இவரோட இருந்தன், தெரியுமா? இவர ஏசத் தொடங்கினா இருக்க ஏலாதே. இப்ப நான் ஆரை ஏச?"

ராத்தா தாள்களை அடுக்கி என் கையில் தந்துவிட்டு, போ என்பதுபோல் நடுக் கேற்றைப் பார்த்தார். அன்று அந்தக் கேற் அவர் பக்கத்திலிருந்து கொண்டி போட்டுக் கொளுவப்பட்டது. உம்மாவின் வளவில் அது கொளுவப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்று நான் அழுதேன், எழுதினதற்காக இல்லை, என் ராத்தாவுக்காக. ஆனாலும் கதையை அச்சகத்தில் கொடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாயிடமும் ஒரு பிரதியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நான் இருக்கும்போதே வாசித்தார். முதல் கதையை எழுதினதும் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம், அது பிழையாக எழுதியது என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்த ஆம்புள இப்பவும் அந்த ஒழுங்கையிலதானா இரிக்கார்?" என்று கேட்டார். பதினாறு வருடத்தில் மச்சானைப் பற்றி ஒருவர் கேள்வி கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஓம் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார், தாள்களை மடித்து வைத்துக்கொண்டார்.

காவின் நடந்தது. ஒழுங்கைக் கடைசி வீட்டுக்கு வெள்ளை அடித்து, முன்னறை ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். போன வியாழக்கிழமை மாப்பிள்ளை வந்தார். அவர் கையிலும் ஒரு பெட்டி. ஒழுங்கைப் பெண்களில் பாதிப் பேர் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. ராத்தா போகவில்லை.

மறுநாள் பின்னேரம் நடுக் கேற் திறந்திருந்தது. நான் உள்ளே போனேன். ராத்தா கதிரையைத் தள்ளிவிட்டார், இருந்தேன். அப்போதுதான் கண்டேன். மச்சானின் பெட்டி அலுமாரிக்கு மேலே இல்லை. தூசு துடைத்து, கூடத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. பிறகு ராத்தாவே சொன்னார்: அவரைப் போகச் சொல்லவில்லையாம். ஏன் அங்கே வைத்தாய் என்று மச்சானும் கேட்கவில்லையாம். விடிய எழும்பி, அந்தப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறார். அஸருக்கு வந்து, முதலில் அது இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்.