பின் டயரில் கிணற்றுத் தண்ணீர்

எங்கள் சித்தி கல்யாணமாகி வந்தபோது அவளோடு ஒரு டிராக்டரும் வந்தது. சித்தியின் அப்பாவுக்குத் திருவண்ணாமலையில் மணிலாக்கொட்டை மண்டி. வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு தார்ரோட்டில் மட்டுமே ஓடிய வண்டிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, மாலை போட்டு, சீராக அனுப்பிவிட்டார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அதுதான் முதல் டிராக்டர். இரண்டு மாதம் நாங்கள் எல்லோரும் தரையில் கால் படாமல் நடந்தோம்.

நடவுக்குச் சேறடிக்க இறக்கிய அன்று மானம் போனது. கழனியின் நடுவில் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றின. சேறு எகிறிப் பறந்து, வரப்பில் நின்ற பெரியப்பாவின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. கடைசியில் மூன்று ஜோடி மாடு பூட்டி வண்டியை வெளியே இழுத்தார்கள். வீட்டுக்குப் பெரியவரான பெரியப்பா கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவார். அன்று மிகவும் தாழ்த்தி, "ஏமாத்திட்டாங்கடா. இந்த வாரத்துல ஓடலன்னா வண்டியையும் பொண்ணையும் ஒண்ணா ஏத்தி அவங்க ஊட்டாண்ட வுட்டுட்டு வந்துடு" என்று சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பாவுக்கு அண்ணன் பேச்சை மீறிப் பழக்கமில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கோ உச்சி குளிர்ந்துவிட்டது. ஏழு வயது. மட்கார்டில் உட்கார்ந்து திருவண்ணாமலை வரைக்கும் போகலாம்! கழனியிலிருந்து பார்த்தால் மலை நீலமாகத் தெரியும். அதன் அடியில்தான் சித்தி வீடு. மொட்டை மாடியில் நின்று கையை நீட்டினால் கோபுரத்தைத் தொடலாம் என்று சித்தி சொல்லியிருந்தாள். நான் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

அன்று சாயங்காலம் சித்தி சமையலறை வாசலில் நின்று மெதுவாகச் சொன்னாள். "எங்கப்பாரோட மண்டிக்கு வர்ற மெக்கானிக் ஒருத்தரு சொல்வாருங்க. சேத்துல எறக்கணும்னா பின் டயருல முக்காவாசி தண்ணி ரொப்பணுமாம். கனம் இருந்தாதான் சக்கரம் புடிக்குமாம்."

டயருக்குத் தண்ணீரா என்று வீடே சிரித்தது. சித்தப்பா மட்டும் சிரிக்காமல் கீழ்பென்னாத்தூர் போய் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார்.

மறுநாள் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, காற்றடிக்கும் வாய் மேலே வரும்படி திருப்பி, உள்ளிருந்த ஊசியைக் கழற்றினார்கள். உயரத்தில் வைத்த பீப்பாயிலிருந்து ஒரு குழாய். தண்ணீர் உள்ளே போகப் போக டயர் ஏப்பம் விட்டது. நான் ரப்பரில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே யாரோ அரைத் தூக்கத்தில் பேசுவது போலிருந்தது. இளவெயில், ரப்பர் வாசனை, தூரத்தில் மலை. எங்கள் கிணறு எழுந்து வந்து வண்டிக்குள் குடியேறுகிறது என்று நினைத்தபடியே கண்ணயர்ந்தேன். கரன்ட் இல்லாததால் சித்தி குடம் குடமாகச் சேந்தி வந்து பீப்பாயில் ஊற்றினாள். வேறு யாரையும் குடத்தைத் தொட விடவில்லை.

சாயங்காலம் ஊசியைத் திரும்பப் பொருத்தி, மிச்சத்துக்குக் காற்றடித்து, வண்டியைத் தரையில் இறக்கி நகர்த்தி நிறுத்தினார்கள். இப்போது டயரின் வாய் கீழ்ப்பக்கம் இருந்தது. ஆளில்லாத நேரம் பார்த்து ஒரு குச்சியால் அந்த ஊசியை அமுக்கினேன். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"இன்னாடி பண்ற?" சித்தி பின்னால் நின்றாள்.

"வண்டி ஓடலன்னாதான் நாம உங்க ஊட்டுக்குப் போவ முடியும்."

அவள் அடிக்கவில்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "இன்னொரு நாளைக்கு உன்ன கூட்டினு போறேன். இதுல மட்டும் கைய வெக்காத, கண்ணு."

அடுத்த நாள் காலை, அதே கழனி, அதே இடம். தூங்கி எழுந்த எருமையைப் போல வண்டி அவசரமில்லாமல் சேற்றில் நடந்து போனது. வரப்பில் எல்லோரும் கத்தினார்கள். "நம்ம வண்டியாச்சே" என்றார் பெரியப்பா. நான் ஓவென்று அழுதேன்.

திரும்பினால் சித்தியும் மலைப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பாவம், அவளாலும் ஊருக்குப் போக முடியவில்லையே என்று நினைத்து அவள் கையைப் பிடித்து, "வுடு சித்தி, தீபத்துக்குப் போலாம்" என்று தேற்றினேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

வாழாவெட்டி என்ற சொல்லே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் எதிலிருந்து தப்பித்தாள் என்று புரிந்த அன்று, அந்தக் குச்சியை நினைத்து எனக்கு உடம்பு பதறியது. ஆனாலும் அவள் ஏன் மலையைப் பார்த்து அழுதாள் என்பதில் நான் ஏழு வயதில் நினைத்தது முழுக்கத் தப்புதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.