மங்கலாக வந்திருக்க வேண்டியது

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'லேசர் அக்கா' என்றுதான் பெயர். பத்தொன்பது வருடமாக ஒரே வேலை. மாணவர்கள் தரும் சாம்பிள் மீது லேசரைப் பாய்ச்சி, அது எவ்வளவு ஒளிர்கிறது என்று அளந்து நோட்டில் எழுதவேண்டும். "வீட்ல ஃபேன் சுவிட்ச் எதுன்னு தெரியாது, அங்க போய் லேசர் ஓட்டுறாளாம்" என்று கணவர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள். தன் அளவு தப்பாது என்று அவளுக்கு அத்தனை கர்வம்.

அந்தக் கர்வத்துக்கு அவளே குழி வெட்டினாள்.

ஆராய்ச்சி மாணவி ஒருத்தி மாதம் இரண்டு மூன்று சாம்பிள் கொடுத்துவிட்டுப் போவாள். கண்ணுக்கே தெரியாத குவாண்டம் புள்ளிகள். லேசர் பட்டால் சிவப்பாக ஒளிரும். வெறும் கண்ணாடித் துண்டில் கொஞ்சம், ஒளிப்படிகத்துக்குள் கொஞ்சம். நுண்ணிய உருண்டைகளை வரிசை பிசகாமல் அடுக்கிச் செய்த படிகம் அது. எதை எதிர்பார்க்கிறோம் என்று அளப்பவரிடம் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. அதனால் மாணவி சொல்லவில்லை.

கண்ணாடித் துண்டு ஜொலித்தது. படிகத்துக்குள் இருந்தவையோ அணையப்போகும் கரி போல மங்கின. சாம்பிள் கெட்டுவிட்டது என்று லேசர் அக்கா நினைத்தாள். ராப்பகல் பாராமல் உழைத்துக் கறுத்த அந்த மாணவியின் முகம் கண்முன் வந்தது. இதைப் பார்த்தால் அந்தப் பிள்ளை உடைந்துபோவாள் என்று தோன்றியது. படிகத்தை அளக்கும்போது மட்டும் லேசரின் சக்தியைக் கூட்டினாள். இரண்டு துண்டும் சமமாக ஒளிர்ந்தன. நோட்டில் வழக்கமான சக்தியையே எழுதினாள். ஆறு மாதத்தில் பதினான்கு சாம்பிளுக்கும் இதையே செய்தாள்.

ஒரு நாள் மதியம் மாணவி படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"மூணு மணிக்குப் பேராசிரியர் கூப்பிட்டிருக்காரு அக்கா. வேற தலைப்பு எடுத்துக்கன்னு சொல்லப் போறாரு. என் படிகம் ஒண்ணுமே பண்ணலையே."

"அதான் நல்லா ஒளிருதே."

"ஒளிரக் கூடாதுக்கா. அந்தச் சிவப்பு வெளியே வர வழியே இல்லாதபடிதான் உருண்டைகளை அடுக்கியிருக்கேன். போக இடம் இல்லன்னா புள்ளி சட்டுனு ஒளியை விடாது, பிடிச்சு வச்சுக்கும். மங்கலாத்தான் வந்திருக்கணும்."

சாம்பிள் கெடவே இல்லை என்று லேசர் அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் பத்தொன்பது வருட அளவையும் சந்தேகப்படுவார்கள்.

மூன்று மணிக்கு மாணவியோடு பேராசிரியர் அறைக்குள் அவளும் நுழைந்தாள்.

"நான்தான் சார் சக்தியைக் கூட்டினேன். பதினாலு தடவையும். புள்ள மனசு நோகுமேன்னு..." தலை தானாகக் குனிந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மாணவி எழுந்தாள்.

"என்மேல பரிதாபப்படச் சொல்லி உங்ககிட்ட யாருக்கா கேட்டா?"

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இவ்வளவு சுட்டிருக்காது.

"முதல்ல அளந்து பாருங்க" என்றார் பேராசிரியர்.

மூவரும் லேசர் அறைக்குப் போனார்கள். லேசர் அக்கா சக்தியைக் கூட்டாமல் படிகத்தை அளந்தாள். திரையில் ஒளியின் அளவைக் காட்டும் கோடு தரையோடு ஒட்டிக்கிடந்தது. மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பேராசிரியர் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த மகிழ்ச்சியில் பங்கு கேட்க லேசர் அக்காவுக்கு வாயில்லை. சுவரோடு ஒண்டி நின்றாள்.

மாணவி ஒரு நாற்காலியை இழுத்து லேசர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். லேசர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்த சாம்பிளை வைங்கக்கா. இனி சக்தி எவ்வளவுன்னு நானே பாத்து எழுதுறேன்."

"சரிம்மா" என்றாள். சாம்பிளை மேடையில் வைத்துவிட்டு விலகி நின்றாள்.