பத்து லட்சத்து மூவாயிரத்து ஒன்று

ஆனர்ஸ் வகுப்பில் ஓர் இடம்தான் பாக்கி. கேட்டவர்கள் நானும் இன்னொருவனும். கணக்குப் புரொபசர் ஆளுக்கொரு எண் கொடுத்தார். எனக்கு 1003001. எந்தப் பக்கமிருந்து படித்தாலும் அதே எண்.

"இது பகா எண்ணா, இல்லையா? லீவுக்குள்ள எழுதிப் போடும். சரியாச் சொன்னா எடம். முதல்ல எழுதுற பதில்தான் செல்லும், பிறகு திருத்த முடியாது."

இந்த மாதிரி எண்ணில் இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தால் பதினொன்று வகுத்துவிடும், ஒரே நிமிஷ வேலை. மனுஷன் விவரமாக ஏழு இலக்கம் கொடுத்துவிட்டார். ஆயிரத்துக்குள் இருக்கும் நூற்று அறுபத்தெட்டு பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பாம்பனில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். வியர்வையில் தாள் கையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முப்பத்தெட்டு எண் முடிந்தபோதே வாழ்க்கை வெறுத்துவிட்டது.

அன்று ஞாயிறு. எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்ய மாட்டார்கள். ஆத்தா என் பேனாவையும் அதில் சேர்த்துவிட்டாள்.

"ஆண்டவரு நாள்ல என்னலே கிறுக்கல்? வை கீழ. பூசைக்குக் கெளம்பு."

மாதா கோயிலில் சாமியார் லத்தீனில் போய்க்கொண்டிருந்தார். நான் முட்டிக்கால் போட்டபடி மனசுக்குள் 167ஆல் வகுத்தேன். 6006 தடவை. மீதி இல்லை! பகா எண் இல்லை, ஆளை விட்டால் போதும். திங்கள் காலையில் கார்டைப் போட்டுவிட்டு வந்தேன்.

அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னலே, மூஞ்சி தெளிஞ்சிருக்கு?"

"முடிஞ்சிருச்சுக்கா. நூத்தி அறுபத்தேழு வகுத்துருச்சு. ஆறாயிரத்தி ஆறு தடவ."

"ஏழாறு நாப்பத்திரெண்டு. கடைசியில ரெண்டுல்ல வரணும்? ஒன்னோட நம்பரு ஒண்ணுல முடியுது. பூசையில தூங்குனியாக்கும்?"

தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 6006ஐ 167ஆல் பெருக்கினால் 1003002. அதைத்தான் 167 வகுக்கும். என்னுடையது அதற்கு ஒன்று குறைவு. தாளில் போட்டிருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

தபாலாபீசுக்கு ஓடினேன். போஸ்ட்மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார்.

"பை போயாச்சு தம்பி. ரயிலு இந்நேரம் பாலத்துல ஏறியிருக்கும்."

இனி வகுத்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் உட்கார்ந்தேன். பாக்கி நூற்று இருபத்தொன்பது. எதுவும் வகுக்கவில்லை. கடைசி எண் 997, மீதி பத்தொன்பது. அதை முடித்த மத்தியானம் புரொபசரின் கார்டு வந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"என்ன எழுதியிருக்காரு?" என்றாள் அக்கா.

"எடம் அவனுக்காம்."

"சரி, நம்பரு?"

"பகா எண்தான்."

"அப்ப அதை எழுதிப் போடு."

"இனிமே எதுக்குக்கா?"

"அவரு கேட்டது அதத்தானலே?"

ஒரு கார்டு எடுத்தேன். 'அது பகா எண். முன்பு எழுதியது பிழை.' கையெழுத்துப் போட்டுவிட்டு, மேஜையிலேயே தலை சாய்த்துப் படுத்தேன்.