திரைக்குப் பின்னால் டோரியட்

லேலிக்கு வயது அறுபத்திரண்டு. மால்டா தீவில், புனிதர் சான் ரொக்கு பேரில் உள்ள பேண்டு சங்கத்தின் மதுக்கூடத்தில் கிளாஸ் துடைத்தே தலை நரைத்தவர். சதுக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சூசையப்பர் பேண்டு சங்கம். அதன் வாசற்படியை அவர் மிதித்ததே இல்லை. அவர்கள் கொடி அவிழ்ந்து விழுந்தால் இங்கே வெடி வெடிக்கும், இவர்கள் டிரம் கிழிந்தால் அங்கே வெடிக்கும். பாதிரியாரே கெஞ்சிப் பார்த்துக் கைகழுவிவிட்டார்.

அந்த வருஷம் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோவிஷன் பாட்டுப் போட்டிக்கு நாட்டின் பாடகியைத் தேர்ந்தெடுக்கும் சுற்றில் லேலியின் மகள் டோரியட்டும் பாடினாள். ஜெயித்தவள் எதிர்ச் சங்கத்துக் கிளாரிசா. லேலி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் கிளாரிசாவே வீட்டுக்கு வந்து, பின்பாட்டுக்கு டோரியட் வேண்டும் என்று கேட்டாள். டோரியட் சரி என்றுவிட்டாள்.

சங்கத் தலைவர் ஸ்பிரு கொதித்தார். "அவளுக்குப் போயி நம்ம பொண்ணு பின்பாட்டா? மானம் போச்சுய்யா!"

"பாட்டுக்கு ஏதுய்யா சங்கம்?" என்றார் லேலி. சொன்னது வாய்தான். நெஞ்சு எரிந்துகொண்டுதான் இருந்தது.

யூரோவிஷனுக்குக் கிளம்பும் முன் டோரியட் அப்பாவிடம் மட்டும் ஒன்று சொன்னாள். கடைசியில் வரும் உச்ச ஸ்வரம் கிளாரிசாவுக்கு எட்டவில்லை. திரைக்குப் பின்னால் நின்று அதை இவள் பாடுவாள், அவள் வாயசைப்பாள். "யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணுப்பா." லேலி சான் ரொக்கு மேல் சத்தியம் செய்தார். ஊர்க்கதை முழுக்க ஊற்றிக்கொடுக்கிற மனிதருக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

போட்டியன்று சங்கத்தில் டிவி போடக்கூடாது என்று ஸ்பிரு உத்தரவு போட்டார். "ரிமோட்டு எங்கிட்ட இருக்கு" என்று சொல்லி லேலி போட்டுவிட்டார். எல்லோரும் டிவிக்கு முதுகைக் காட்டிச் சீட்டாடினார்கள். பஸ்டீட்சி பப்ஸ் தட்டு மட்டும் காலியாகிக்கொண்டே இருந்தது.

திரையில் கிளாரிசா, ஆட்டக்காரர்கள், புகை. டோரியட்டின் நிழல்கூட இல்லை. கடைசியில் அந்த ஸ்வரம் வந்தது. கொஞ்சம் கீழே தொட்டு, பிறகு மேலே ஏறுகிற வழக்கம் டோரியட்டுக்குச் சின்ன வயசிலிருந்தே உண்டு; சங்கத்தில் எல்லோருக்கும் அது தெரியும். லேலி கவுண்டரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். சீட்டு போடுகிற சத்தம் நின்றது. ஸ்பிரு மெதுவாகத் திரும்பி, டிவியைப் பார்க்காமல் லேலியின் முகத்தைப் பார்த்தார்.

நாட்டுக்குப் பதினாறாவது இடம். எதிரிச் சங்கத்துப் பெண் தோற்றால் வெடிக்கவென்று மாடியில் வெடி தயாராக இருந்தது.

"வெடிக்காதீங்க, எம்பொண்ணும் அங்கதான் நிக்கிறா" என்றார் லேலி.

"வெடிக்கத்தான் போறோம்" என்றார் ஸ்பிரு. "தோத்ததுக்கு இல்லய்யா."

ஜன்னல் அதிர்ந்தது. உடனே எதிர்ச் சங்கத்து மதுக்கூடக்காரர் விஸ்டின், ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் சதுக்கத்தைத் தாண்டி ஓடிவந்து வாசலில் நின்றார்.

"வெக்கமா இல்ல? ஒம்பொண்ணும்தானேய்யா தோத்துருக்கா? அதுக்கா வெடி?"

லேலி வாயைத் திறந்தார், சத்தியம் ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டார். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

விஸ்டின் அவரையே பார்த்தார். "அட... அந்த உச்சத்துக்கா? கிளாரிசா பொறந்ததுலேர்ந்து அவ தொண்டைய எனக்குத் தெரியும். அவளுக்கு அது ஏறாதுன்னு அப்பவே நெனச்சேன்யா."

லேலி ஒரு கிளாஸில் ஒயின் ஊற்றி வாசலுக்குக் கொண்டுபோனார். விஸ்டின் உள்ளே காலெடுத்து வைக்காமலே வாங்கிக் குடித்தார்.

அப்போது போன் அடித்தது. டோரியட்.

"அப்பா, என் குரல் கேட்டுச்சா?"

"எனக்கு மட்டுமாம்மா," என்றார் லேலி, "விஸ்டினுக்கே கேட்டுடுச்சு."